கிளிக்கு உறைப்பதில்லை

மாங்காய்க் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு விறாந்தையில் போய் இருந்தாலும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும்: கூட நட்டம் தருவது அணிலா, கிளியா? யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான ஏழாலையில் இதற்கு ஆளுக்கொரு தீர்ப்பு உண்டு. பக்கத்து வளவு அண்ணைக்கு அணிலைக் கண்ணில் காட்டக் கூடாது. பெரியம்மாவுக்கோ கிளிச் சத்தம் கேட்டாலே போதும், பழைய பிஸ்கட் ரின்னைத் தூக்கித் தட்டத் தொடங்கிவிடுவா. இரண்டுமே என் வளவிலும் குடியிருப்பதால் இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

அணில் என்று நான் சொல்வது நம் முற்றத்து மூன்று கோட்டு அணிலை. வாலை விட்டால் ஒரு சாண் வராது, நிறை சுமார் 100 கிராம். பாலம் கட்ட மண் சுமந்த அணிலை ராமர் மூன்று விரலால் தடவிய கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராமரின் சொந்த ஊரான அயோத்திப் பக்கத்து அணிலுக்கு முதுகில் ஐந்து கோடு. அது வேறு இனம். மூன்று கோட்டு அணில் இருப்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான். நல்லவேளை, பாலம் இந்தப் பக்கம் கட்டப்பட்டதால் கதை தப்பித்தது. கிளி என்பது கழுத்தில் வளையம் போட்ட பச்சைக்கிளி. வளையம் ஆணுக்கு மட்டும்தான், அதுவும் மூன்று வயதளவில்தான் வரும். வாலோடு சேர்த்து 40 சென்ரிமீற்றர் நீளம், அதில் பாதி வால்.

அரசாங்கமும் ஒருமுறை கணக்கெடுத்துப் பார்த்தது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு, அவரவர் காணியில் நிற்கும் குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றை எண்ணித் தரச் சொன்னார்கள். பயிருக்குச் சேதம் செய்கிற விலங்குகளின் கணக்கு அது. மர அணில் என்று அவர்கள் கேட்டது காட்டில் வாழும் பெரிய அணிலை. எங்கள் முற்றத்தில் ஓடுகிறதை அல்ல. கிளியைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரியம்மாவுக்கு அதில் இன்றுவரை மனக்குறை.

சரி, மாம்பழத்துக்கு வருவோம். கிளி கடித்ததையும் அணில் தின்றதையும் பிரித்தறிய ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்றில்லை, மிச்சத்தைப் பார்த்தாலே போதும். கிளி கடித்தது நிலத்தில் கிடக்கும். ஒரு பக்கத்தில் ஆழமாக, பிறை போல, கூரான விளிம்போடு ஒரு வெட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அவ்வளவுதான். வெட்டின் கீழ்ப்பக்கம் பால் வடிந்து காய்ந்து கறுத்துப் போயிருக்கும். கையில் எடுத்து அமத்தினால் கல் மாதிரி இருக்கும், ஏனென்றால் அது பழமே இல்லை, செங்காய். அணில் தின்றது பெரும்பாலும் கீழே வராது. பின்னங்கால்களால் கொப்பைப் பற்றி, தலைகீழாகத் தொங்கியபடி, பழத்தின் தோளில் ஓட்டை போட்டு உள்ளே இறங்கும். அந்த ஓட்டைக்குள் பார்த்தால் சதையில் சோடி சோடியாகச் சின்னக் கோடுகள் தெரியும். முன்வெட்டுப் பற்கள் இழுத்த கோடுகள் அவை. விடிந்ததும் அதே பழத்துக்கே திரும்பி வரும். கொட்டை தெரியும்வரை விடாது. கடைசியில் காம்பில் தொங்குவது வெறும் கோது.

இரண்டும் கொறிக்கப் பிறந்தவை. கொறிவிலங்கின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும்; கிளியின் அலகும் அப்படியே. அணிலின் பல்லில் முன்பக்கம் மட்டும்தான் கடினமான எனாமல் உண்டு. பின்பக்கம் மென்மை என்பதால் முதலில் தேயும். அதனால் முனை எப்போதும் உளி மாதிரிக் கூராகவே நிற்கும். கிளியின் மேல் அலகு மண்டையோட்டோடு கீல் போட்டது போல அசையக் கூடியது. கொப்பில் ஏறும்போது முதலில் அலகால் பற்றி, அப்புறம் ஒரு கால், அப்புறம் மறு கால் என்று அது ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அலகு அதற்கு மூன்றாம் கால். இறங்குவதில் அணிலை யாரும் வெல்ல முடியாது. பின்னங்கால் பாதங்களைப் பின்னுக்குத் திருப்பி நகத்தை ஊன்றும், அதனால்தான் தலை கீழே இருக்க நேரே ஓடி வருகிறது.

ஏன் ஒன்று செங்காயைக் கடித்துப் போடுகிறது, மற்றது பழுக்கும்வரை காத்திருக்கிறது? கண் பார்வை காரணம் என்று சொல்ல முடியாது. நமக்கு நிறம் பிரிக்க மூன்று வகைக் கூம்புக் கலங்கள், கிளிக்கு நான்கு, புற ஊதாவும் தெரியும், அணிலுக்கு இரண்டுதான். பழுத்த பிறகும் பச்சை முழுக்க விட்டுப்போகாத கறுத்தக்கொழும்பானில் எது பழம் என்று அணில் கண்டுபிடிப்பது மூக்கால்தான். நல்ல கண் உள்ள கிளி பழத்தைத் தெரியாமல் செங்காயைக் கடிக்கவில்லை. என் எண்ணம் இது: கிளி கூட்டமாக வந்து இறங்குகிறது. இன்றைக்கு நீ விட்டதை நாளைக்கு நீ தின்னப் போவதில்லை, இன்னொன்று தின்னும். ஆகவே அகப்பட்டதைக் கடி, பிடிக்காவிட்டால் போடு. அணில் அந்த மரத்தின் ஆள். தன் எல்லைக்குள் இன்னொரு அணில் வந்தால் கத்திக் கலைக்கிறது. நாளைக்கும் இங்கேயே இருக்கப் போகிறவனுக்கு மிச்சம் வைத்துத் தின்னுவதில் இலாபம் உண்டு. நட்டக் கணக்கு என்று பார்த்தால் பெரியம்மா சொல்வதுதான் சரி. ஓர் அணில் ஒரு பழத்தை முடிக்கிற நேரத்தில் நாலைந்து கிளிகள் ஒரு கொப்பையே கீழே கொட்டிவிட்டுப் போய்விடும். முந்திரிகைப் (திராட்சை) பந்தலில் இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

அணிலுக்காக வாதாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குரும்பையில் ஓட்டை போடுவதும், குருவிக் கூட்டில் முட்டை எடுப்பதும் அதே அணில்தான். முற்றத்தில் காயப்போட்ட பனங்கிழங்கு ஒடியலைக்கூட விட்டுவைக்காது.

இனி மிளகாய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மிளகாய்த் தோட்டத்தில் கிளி இறங்கினால் சிவந்த பழமாகப் பார்த்துப் பிய்த்து, ஒரு காலில் பிடித்துக்கொண்டு, நீளவாக்கில் கிழித்து விதையை எடுக்கும். உறைப்பு அதிகம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெண்சதையில். கிளியின் தடித்த நாக்கு போவதும் நேரே அங்கேதான். கண்ணில் நீர் இல்லை, தலையை உதறுவதும் இல்லை. கூட்டுக் கிளிக்குக் கொச்சிக்காய் கொடுத்தால் கெதியாகப் பேச்சு வரும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. பேச்சு வந்ததோ இல்லையோ, கொச்சிக்காய் ஒருநாளும் மிஞ்சியதில்லை. அதே பாத்தியின் வரம்பில் ஓடுகிற அணில் மிளகாயைத் திரும்பியும் பார்க்காது. செத்தல் காயப்போட்ட பாயைச் சுற்றிப் போகுமே தவிர, அதில் வாய் வைத்து நான் கண்டதில்லை.

இதற்குப் பின்னால் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. மிளகாயில் உள்ள கப்சைசின் என்ற பொருள், பாலூட்டிகளின் நரம்பு நுனியில் சூட்டை உணர்கிற ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. டிஆர்பிவி1 என்பது அந்தப் புரதத்தின் பெயர். சுமார் 43 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ள வேண்டிய அது, மிளகாய் பட்டதும் விழித்து, வாய் எரிகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. நமக்கும் அணிலுக்கும் எலிக்கும் இது ஒன்றுதான். பறவைகளுக்கும் இந்தப் புரதம் இருக்கிறது, சூட்டையும் உணர்கிறது. ஆனால் கப்சைசின் அதில் ஒட்டுவதில்லை. 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு செடி ஏன் இப்படிப் பறவையை விட்டுவிட்டு எலி அணிலை மட்டும் எரிக்க வேண்டும்? அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாயை வைத்து ஜோசுவா டியூக்ஸ்பரியும் கேரி நப்ஹானும் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. உறைப்பில்லாத மிளகாயைக் கொடுத்தால் எலிகள் தின்றன, உறைப்பானதைத் தொடவில்லை. தின்ற எலியின் எச்சத்தில் வந்த விதைகள் முளைக்கவும் இல்லை, பல்லில் அரைபட்டுப் போயிருந்தன. பறவை வயிற்றுக்குள் போய் வந்த விதைகள் முளைத்தன. அதாவது மிளகாய்ச் செடி தன் விதையைத் தூக்கிக்கொண்டு போகத் தெரிந்தவனுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் கிளிக்கு இந்தப் பெருமை சேராது. விதையை முழுதாக விழுங்குவது கொண்டைக்குருவியும் மைனாவும் போன்றவை. கிளி விதையையே உடைத்துத் தின்கிறது. பறவை என்ற பெயரில் உள்ளே நுழைந்து, செய்வது எலியின் வேலை. மிளகாய்ச் செடி இதை எதிர்பார்த்திருக்காது!

லண்டனில், ஹரோ பக்கத்தில் இருக்கிற என் தங்கச்சி ஒருநாள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். பின்வளவில் குருவிகளுக்குத் தீன் போடத் தொங்கவிட்ட கூண்டில் இரண்டு பச்சைக்கிளிகள். "அண்ணா, உங்கட கிளியள் இஞ்சையும் வந்திட்டுது" என்று கீழே எழுதியிருந்தாள். கூண்டுக் கிளிகளாகக் கொண்டுபோய்த் தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி, 1970கள் முதல் இலண்டன் பக்கம் நிலைகொண்டுவிட்டன. இன்று பூங்காக்களில் ஆயிரக் கணக்கில் இருக்கின்றன. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கீழ் அலகும் சிவப்பு. நம் கிளியின் கீழ் அலகு கறுப்பு. மரபணுவைப் பார்த்த ஆய்வுகளும் ஐரோப்பாவில் உள்ளவை பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பக்கத்திலிருந்து போனவை என்றுதான் சொல்கின்றன. உங்கட கிளி என்று என்னிடம் பாரம் சுமத்த முடியாது என்று பதில் போட்டேன்.

அவள் வளவில் அணிலும் உண்டு, ஆனால் சாம்பல் அணில். அதுவும் வந்தேறிதான், வட அமெரிக்காவிலிருந்து 1876இல் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகப் பெருக அங்கே ஆதியிலிருந்த சிவப்பு அணில் பெரும்பாலான இடங்களில் இல்லாமலே போய்விட்டது. தீன் முழுவதையும் இந்தச் சாம்பல் அணில் முடித்துவிடுகிறது என்று, கடையில் விற்கிற மிளகாய் பூசிய விதையை வாங்கிப் போட்டாளாம். அணில் ஒரு வாய் வைத்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலியில் ஏறிப் போனது. அடுத்த நாள் தொடங்கி முழுக் கூண்டும் கிளிக்குத்தான். வாத்துக்கும் புறாவுக்கும் பாணைப் பிய்த்துப் போடும் ஊரில், மிளகாய் போட்டதை விரும்பித் தின்பது எங்கள் பக்கத்து ஆள் மட்டும்தான் என்று அவள் சிரித்தாள்.

தீனை வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமபலம். வீடு என்று வரும்போதுதான் கதை மாறுகிறது.

அணில் வீடு கட்டத் தெரிந்தது. தும்பு, பஞ்சு, கிழிந்த சீலைத் துண்டு, வைக்கோல் என்று அகப்பட்டதை உருட்டி, ஓட்டுக்கும் சிலாகைக்கும் நடுவிலோ, தென்னையின் தலைப்பக்க வட்டுக்குள்ளோ, வாழைக்குலை மறைவிலோ செருகிவிடும். கலைத்தால் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வேறு இடம் போய் மறுபடி கட்டும். சினை சுமார் 34 நாள், இரண்டு மூன்று குட்டி; ஆண் எட்டியும் பார்க்காது, எல்லாம் தாய் பாடு. கிளிக்கு ஒரு துரும்பு வைக்கத் தெரியாது. அதற்கு ஆயத்தமான பொந்து வேண்டும். நான்கு முட்டை, மூன்று கிழமைக்கு மேல் அடை, பிறகு குஞ்சு பறக்க ஏழு கிழமை என்று, இரண்டரை மாதத்துக்கு யாரும் தொந்தரவு செய்யாத பொந்து. அடையிருக்கும் பெண்ணுக்கு ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்டும். பொந்தை விட்டுப் போனால் எல்லாமே போச்சு. பொந்துக்காக அது போடுகிற சண்டையும் சாதாரணமில்லை. ஸ்பெயினின் செவில் நகரத்தில் மரப்பொந்து வௌவால்களைக் கொத்திக் கொன்று இடம் பிடிப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பொந்தைக் கொடுப்பது பட்ட பனை. உயிருள்ள பனையின் வெளிவைரத்தை உடைப்பது லேசான காரியமில்லை. வட்டு போய்ப் பட்டுவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான சோற்றி உக்கத் தொடங்கும். முதலில் மரங்கொத்தி வந்து துளைக்கும். நம் பக்கத்துப் பொன்முதுகு மரங்கொத்திக்கு விஞ்ஞானப் பெயரின் கடைசியில் 'ஜாஃப்னென்ஸ்' என்று யாழ்ப்பாணத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தெற்கில் உள்ளதற்கு முதுகு சிவப்பு. அது குடியிருந்து விட்டுப்போன பொந்தைக் கிளி அலகால் கொஞ்சம் பெருப்பித்து எடுத்துக்கொள்ளும். போரில் ஷெல் பட்டு வட்டு இழந்த பனைகள் வரிசையாக நின்ற காலத்தில் கிளிக்குப் பொந்துப் பஞ்சம் இருந்ததே இல்லை.

இராணுவத்தின் பிடியிலிருந்து மயிலிட்டியில் காணி விடுபட்டபோது பெரியம்மாவின் மகனோடு நானும் போனேன். 1990இல் எழும்பிய சனத்துக்கு 2017இல்தான் அந்தப் பக்கம் கால் வைக்க முடிந்தது. குறுந்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது. தலைவன் பிரிந்த நாளில் தலைவி, ஆட்கள் விட்டுப்போன, அணில் விளையாடும் முற்றத்தை உடைய வீடு போல ஆகிவிடுகிறாள். பாடியவரின் சொந்தப் பெயர் தொலைந்து 'அணிலாடு முன்றிலார்' என்றே நின்றுவிட்டது. அதை நினைத்துக்கொண்டுதான் போனேன். அங்கே அணில் இல்லை. ஓடு இல்லை, சிலாகை இல்லை, சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம். நெல்லும் தேங்காயும் காயாத முற்றத்தில் அணிலுக்கு என்ன வேலை? அந்தப் புலவர் பார்த்த வீடு ஆட்கள் எழும்பிப் போய் அதிக நாள் ஆகாத வீடாக இருந்திருக்க வேண்டும். குதிருக்கடியில் கொஞ்சம் தானியமாவது சிந்திக் கிடந்திருக்கும். அணில் மனிதர் இருக்கிற இடத்து ஆள். மயிலிட்டியில் அன்றைக்கு வானம் முழுக்கக் கிளிச் சத்தம். பின்வேலிப் பக்கம் நின்ற மொட்டைப் பனை ஒவ்வொன்றிலும் ஓட்டை, ஓட்டைக்கு ஒரு பச்சைத் தலை. காணி துப்புரவாக்கும்போது முதலில் விழுந்தவையும் அந்தப் பனைகள்தான். வீடு கட்டுகிற ஆளுக்குப் பட்ட பனை ஆபத்து, குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே, இந்த இரண்டில் எது தாக்குப்பிடிக்கும் என்று கேட்டால் நான் அணில் பக்கம்தான். கிளிக்கு அலகு பெரிது, கண் கூர்மை, கூட்டம் பெரிது, மிளகாயும் உறைக்காது. கூண்டில் இருந்தால் 20 வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். அணிலுக்கு ஆயுள் ஐந்தாறு வருடம். ஆனால் புதிதாக எழும்புகிற ஒவ்வொரு வீடும் அணிலுக்கும் ஒரு வீடு. கிளிக்கு அதே வீடு ஒரு பொந்து குறைகிற கணக்கு.

என் வளவிலும் ஒரு பட்ட பனை நிற்கிறது. ஷெல்லில் போனதில்லை, இடி விழுந்தது. மாசியில் கிளி அடையிருக்கும், சித்திரைக்குள் குஞ்சு பறந்துவிடும், வைகாசியில் மாமரத்துக்கு வந்துவிடும். பனை இப்போது அண்ணையின் குசினி ஓட்டுப் பக்கம் சாய்கிறது.

"தம்பி, உது விழுந்தா என்ர குசினிதான் போகும். கிளிக்குப் பாவம் பார்த்து நாங்கள் சமைக்காம இருக்கேலாது" என்றார். நியாயம்தான். குஞ்சு பறந்த பிறகு தறிப்பது என்று பேசி முடித்துவிட்டோம். பொந்து இருக்கிற துண்டை மட்டும் ஆள் உயரத்துக்கு வெட்டி எடுத்து, வேலியோர உயிர்ப்பனையில் கம்பி சுற்றி நிறுத்துவதாக இருக்கிறேன். கிளி அதை ஏற்குமா என்பதை அடுத்த மாசியில் பார்க்கலாம். பனை ஏறுகிற ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். பிடிக்கும்வரை குற்றி கிணற்றடியில் கிடக்க வேண்டிவரும். அதுவரை பொந்து வாயைச் சாக்குத் துணியால் இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அணில் ஒரே கிழமையில் தும்பு கொண்டுபோய் அடைத்துக் குட்டியும் போட்டுவிடும்.